பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்லும் சாட்சி

கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற பரிசோதனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அவளுடைய எடைக்கும் இரத்த அழுத்தத்துக்கும், ஹீமோகுளோபின் அளவுக்கும், சிறுநீரில் இறங்கும் புரதத்துக்கும் சர்க்கரைக்கும், கருப்பையின் உயரத்துக்கும் சிசுவின் இருதயத் துடிப்புக்கும் தனித்தனியே கட்டம் போட்டு இடம் ஒதுக்கியிருப்பதைக் காணலாம். அவ்வளவும் அவசியமானவையே, அந்தக் கட்டங்களை ஒழுங்காக நிரப்பி வந்ததனால் எத்தனையோ தாய்மார்கள் இந்த மாநிலத்தில் உயிர் பிழைத்திருக்கிறார்கள் என்பதை, ஆயுளின் பெரும்பகுதியைப் பிரசவ வார்டுகளிலேயே கழித்த நான் மனமாரச் சொல்லுவேன். ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் பகல் வெளிச்சத்தில், அவள் விழித்திருக்கும்போது அளக்கப்படுவது. நாளில் மூன்றில் ஒரு பங்கை அவள் நித்திரையில் கழிக்கிறாள். அந்த வேளையில் அவளுடைய சுவாசம் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு நான் கையாண்ட புத்தகம் எதிலும் ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. குறட்டை விடும் கர்ப்பிணியை ஒரு பக்கமும் சர்க்கரை ஏறும் கர்ப்பிணியை ஒரு பக்கமுமாக வைத்துப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். அவ்விருவரும் பல சமயம் ஒருத்தியே என்பது நமக்குத் தெரியாமல் போனதற்கு, இரவைப் பற்றி யாரும் கேட்காததே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதை முதன்முதலில் எனக்குக் காட்டிக்கொடுத்தது எந்தப் பாடப் புத்தகமும் அன்று. இரவுப் பணி செய்த நர்ஸ்தான். காவிரிப் பாசன ஜில்லா ஒன்றில் அரசாங்க மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலத்தில், கர்ப்பிணிகள் வார்டில் கட்டிலுக்கு ஒருவராகத் தாயோ மாமியாரோ துணைக்கு வந்து, கட்டிலடியில் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக ஏழாம் மாதத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் வாயில் படாதபடி காவல் காத்தும், இன்சுலின் அளவை நாளுக்கு நாள் கூட்டியும், விடியற்காலைச் சர்க்கரை மட்டும் இறங்குவதாகக் காணோம். பகலில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும்; சோம்பேறி என்று அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் நள்ளிரவு சுற்றில் அந்த நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, “அந்தம்மாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர், எனக்குப் பயமா இருக்கு” என்றார். கட்டிலருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குறட்டை மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறியது. ஏறிய இடத்தில் சட்டென்று அறுந்தது. மார்பும் வயிறும் காற்றுக்காகப் போராடி ஏறி இறங்கின. ஆனால் மூக்கருகே நான் நீட்டிய விரலில் காற்றுப் படவில்லை. பத்து வினாடி கடந்தது, இன்னும் கடந்தது. பின்னர் தண்ணீருக்கடியிலிருந்து வெளிப்பட்டவளைப்போல் ஒரு பெருமூச்சு விட்டு, கண் விழிக்காமலே புரண்டு படுத்தாள். இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் மறுபடியும் அதே கதை ஆரம்பித்தது. காலையில் அவளிடம் கேட்டால், “நல்லாத் தூங்கினேன் டாக்டரம்மா, தலைதான் வலிக்குது” என்றாள். தன் இரவில் நடந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு வழியும் இல்லை.

கர்ப்ப காலத்துத் தேகத்தைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் இது ஏன் இப்படி நேர்கிறதென்பது விளங்கும். கருவைச் சுமக்கும் உடம்புக்குப் பிராணவாயுவின் தேவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதற்கு ஈடு கொடுப்பதற்காகவே புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு சுவாசத்தைத் தூண்டி ஆழப்படுத்துகிறது. இது இயற்கை செய்யும் உபகாரம். ஆனால் அதே காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்கிறது. ஜலதோஷம் இல்லாமலே மாதக்கணக்கில் மூக்கடைத்துக்கொண்டிருக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்காத மகப்பேறு மருத்துவர் இருக்க முடியாது. தொண்டையின் சதைகளிலும் நீர் கோக்கிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே தள்ளுவதால், மூச்சை வெளியே விட்ட பின்னும் நுரையீரலில் சேமிப்பாகத் தங்கி நிற்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுகி நின்று பாதையைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்ந்ததும், ஏற்கனவே குறுகிப்போன பாதை அதிர்ந்து குறட்டையாகிறது, சிலருக்கு முற்றிலும் அடைபட்டும் போகிறது. சேமிப்புக் குறைவாதலால், மற்றவர்களைக் காட்டிலும் விரைவாக இரத்தத்தில் பிராணவாயு இறங்கிவிடுகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது, மூச்சு வருகிறது, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு.

கர்ப்பிணிகளின் குறட்டை அபூர்வமும் அன்று. சுவீடன் தேசத்தின் உமேயோ நகரத்தில் பிரசவத்துக்கு வந்த 502 பெண்களை விசாரித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்துக்கு முன் நூற்றுக்கு 4 பேரே நாள்தோறும் குறட்டை விட்டதாகவும், பிரசவத்தை ஒட்டிய வாரத்தில் அது 23 பேராகப் பெருகியதாகவும் கண்டார்கள். குறட்டை விட்டவர்களில் இரத்த அழுத்தம் ஏறியவர்களும், எடை குறைந்த பிள்ளைகளைப் பெற்றவர்களும் மற்றவர்களைவிட மிகுதி.

இனிச் சர்க்கரையின் பக்கம். நஞ்சுக்கொடியிலிருந்து ஊறும் சுரப்புகள், குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே, தாயின் உடம்பில் இன்சுலின் செய்யும் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரந்துவிட்டால் தொல்லை இல்லை. அது முடியாத பெண்ணுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து போகும், தாயின் இன்சுலினோ கடக்காது; ஆகையால் சிசு தன் சொந்தக் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரந்து கொழுக்கிறது, பிறந்தவுடன் சர்க்கரை வழங்கல் நின்றுபோகவே திடீரென்று தாழ்நிலைக்குச் சரிகிறது என்பதை, கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற வைத்தியர் 1950-களிலேயே எடுத்துச் சொன்னார். நம் பக்கத்தில் இந்த வியாதியை ஏழைப் பெண்களின் வாசலுக்கே கொண்டுபோய்க் கண்டுபிடிக்க வழிசெய்த பெருமை சென்னை டாக்டர் வீ. சேஷையாவைச் சேரும். அவருடைய குழுவினர் தமிழ்நாட்டில் நடத்திய கணக்கெடுப்பில், கர்ப்பகாலச் சர்க்கரை நகரங்களில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 என்று வெளிப்பட்டது. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வா என்று கர்ப்பிணியை வருத்தாமல், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்து, 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் வியாதி உண்டு என்று கொள்ளும் முறையை அவர்கள் வகுத்தார்கள். 2007-இலிருந்து இந்தப் பரிசோதனை தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத் திண்ணையில் எலுமிச்சம்பழம் பிழிந்த அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாந்தி வந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு எளிய ஒன்றை ஒரு தேசத்துக்குப் பொதுவாக்குவதற்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டு வாதாடியிருக்க வேண்டும் என்று எண்ணி வியப்பேன்.

உறக்கத்தில் நேரும் மூச்சுத்தடைக்கும் சர்க்கரைக்கும் இடையிலுள்ள சம்பந்தம் வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அவரவர் வீட்டிலேயே, கருவியைப் பொருத்தி உறங்கச் செய்து, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் நடுப்பகுதியில் ஒரு முறையும் சோதித்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளிவந்தது. மணிக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதுமாக இருந்தவர்கள் தொடக்கத்தில் 3.6 சதவீதம், நடுவில் 8.3 சதவீதம். வயது, உடல் பருமன் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும், தொடக்கத்திலேயே இந்தக் கோளாறு இருந்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. கர்ப்பத்தின் நடுவில் கோளாறு காணப்பட்டவர்களுக்கு இரண்டே முக்கால் மடங்கு. பருமன் இரண்டுக்கும் பொதுவான காரணம், ஆகவே இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாதபடி அந்தக் கணக்கு நிற்கிறது. ஒவ்வொரு தடவை மூச்சு அடைபடும்போதும் உடம்பு அதை ஆபத்து என்றே கொள்கிறது; அட்ரினலினும் கார்ட்டிசாலும் பொங்குகின்றன; ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது; இன்சுலினுக்கு ஏற்கனவே செவிசாய்க்காத திசுக்கள் இன்னும் பிடிவாதமாகின்றன. பகலெல்லாம் கேழ்வரகும் கீரையுமாகப் பத்தியம் காத்த பெண்ணுக்கு, ஒன்றும் சாப்பிடாத இரவைக் கடந்த பின் விடியற்காலையில் சர்க்கரை ஏறி நிற்பதை இவ்வாறு ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அறுதியிட்டுச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. சேர்ந்து நடக்கின்றன என்பதுதான் நிச்சயம்.

நோயைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது. பகல் தூக்கத்தையும் அசதியையும் கேட்டுப் புள்ளி போடும் வினாப்பட்டியல்கள் உண்டு; கர்ப்பிணிகளிடம் அவை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அசதி இல்லாத கர்ப்பிணி யார்? இரவில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழாதவள் யார்? நோயாளியே அறியாத இந்த வியாதிக்கு நோயாளியின் வாக்குமூலம் போதாது; பக்கத்தில் படுத்திருப்பவரின் சாட்சி வேண்டும். நம் குடும்பங்களிலோ அந்தச் சாட்சியைப் பெறுவது லேசான காரியம் அன்று. பெண் குறட்டை விடுவதை ஒரு குறையாகவும் வெட்கமாகவும் கருதும் வழக்கம் இன்னும் போகவில்லை. கணவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மாமியார் முன்னிலையில், “குறட்டை விடுவியா அம்மா?” என்று கேட்டால், எந்தப் பெண் ஆமாம் என்பாள்? அதனால் நான் அந்தச் சொல்லை எடுக்காமலே, “ராத்திரி இவ தூங்கும்போது மூச்சு சத்தம் எப்படிக் கேக்குது? நடுவுல நின்னு நின்னு வருதா?” என்று பக்கத்திலிருப்பவரைத் தனியாகக் கேட்கத் தொடங்கினேன். கேட்ட விதம் மாறியதும் விடையும் வந்தது.

இன்னொரு சிக்கல் நம் வழக்கத்திலேயே அமைந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண் தாய்வீடு வந்துவிடுகிறாள். கர்ப்பத்துக்கு முன்னும் அதன் முற்பகுதியிலும் அவளுடைய உறக்கத்தைக் கேட்டவன் கணவன். பிற்பகுதியில் கேட்பவள் தாய். குறட்டை புதிதாகத் தொடங்கியதா, பழையதா, வரவர ஏறுகிறதா என்பதே வைத்தியருக்கு முக்கியமான செய்தி. அந்தச் செய்தியோ பாதி ஒரு வீட்டிலும் பாதி மற்றொரு வீட்டிலுமாகக் கிடக்கிறது. தாய்க்கோ, பல மாதம் கழித்துத் தன் பக்கத்தில் படுத்துறங்கும் மகளின் குறட்டை ஆறுதலாகவே கேட்கிறது. “அங்க வேலை வேலைன்னு கிடந்தா, இப்பத்தான் அசந்து தூங்குறா டாக்டரம்மா” என்று கண் கலங்கச் சொன்ன தாய்மார்கள் உண்டு. அந்த அன்பைக் குலைக்காமல், இது நல்ல தூக்கம் அன்று என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நான் மிகுந்த ஜாக்கிரதையோடு சொற்களைத் தேட வேண்டியிருந்தது. செல்போன் வந்த பிறகு எனக்கு ஒரு சகாயம் கிடைத்தது: “இன்னிக்கு ராத்திரி இவ தூங்கும்போது அஞ்சு நிமிஷம் பதிவு பண்ணிக் கொண்டாங்க” என்று சொல்லிவிடுவேன். அதோடு மாப்பிள்ளைக்கும் போன் போட்டு, “நம்ம வீட்டில் இருந்தப்போ எப்படித் தம்பி?” என்று கேட்பேன்.

அமுக்குவானையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவில் மூச்சுத் திணறி விழித்த கர்ப்பிணி, மார்பின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்து அமுக்கிற்று என்று சொன்னால், தலையணைக்கடியில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைத்து, கோயிலில் விபூதி போட்டு அழைத்துவருவது கிராமங்களில் இன்றும் நடக்கிறது. விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல் கிடக்கும் உறக்க முடக்கம் என்பது வேறு. அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அமுக்குவான் என்று என்னிடம் வந்த கதைகளைப் பொறுமையாகக் கேட்டுப் பிரித்தெடுத்தால், சிலவற்றில் அசைய முடியாமை இல்லை. திணறலும், வாய் வறட்சியும், எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியதும், காலைத் தலைவலியுமே இருந்தன. விபூதியை நான் தடுத்ததில்லை. விபூதியோடு உறக்கச் சோதனையும் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிய பெண்களில் சிலருக்கு மூச்சுத்தடை பிரத்தியட்சமாகவே வெளிப்பட்டது.

பருத்த பெண்களுக்கு மட்டுமே இது வரும் என்று எண்ணுவதும் பிசகு. நம்மவர்களுக்கு மெலிந்த உடம்பிலேயே சர்க்கரை வருவதைக் காண்கிறோம். சிறிய தாடையும் நெருக்கமான தொண்டையும் உள்ள மெலிந்த பெண்களுக்கு மூச்சுத்தடையும் வருகிறது. கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறி வரும் பெண்ணுக்குக் குறட்டை புதிதாகத் தொடங்கியிருந்தால், தொண்டைக்குள்ளும் வீக்கம் உண்டென்று கொள்ளுதல் வேண்டும். கொரோனாவுக்குப் பின் பல வீடுகளில் இருக்கும், விரலில் மாட்டும் கருவி பகலில் 98 என்று காட்டுவதை நம்பி நிம்மதி கொள்வதில் பொருள் இல்லை. இரவு முழுவதும் பதிந்த கணக்குத்தான் உண்மையைச் சொல்லும். முழுமையான உறக்கப் பரிசோதனை பெருநகரங்களில்தான் சுலபமாகக் கிடைக்கிறது என்பதும், ஒன்பதாம் மாதத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணை அதற்காக அனுப்புவது எவ்வளவு கடினம் என்பதும் என்னை இன்றும் வருத்துகின்றன.

பரிகாரங்களில் எளியவை முதலில். மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சரிந்து படுப்பது, முதுகுக்கு ஒரு தலையணை அண்டக் கொடுப்பது, தலைமாட்டைச் சற்று உயர்த்துவது, மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு விடுவது. பக்கவாட்டில் படுப்பது கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்கும் நல்லது என்று வேறு காரணங்களாலும் தெளிவாகியிருக்கிறது. இவை போதாதவர்களுக்கு, மூக்கில் முகமூடி பொருத்திக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி இருக்கிறது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்னும் வைத்தியர், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் விசிறியைக்கொண்டு இதைச் சமைத்தார்; மருந்தே இல்லாத சிகிச்சையாதலால் கர்ப்பிணிக்கு இதைப்போல் பொருத்தமானது வேறில்லை என்பேன்.

இதை ஏற்கச் செய்வதுதான் பாடு. முதல் கர்ப்பம் தரித்திருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்திக்கு, சாதத்தை அளந்து சாப்பிட்டும், மாலையில் தெருவில் நடந்தும், வெறும் வயிற்றுச் சர்க்கரை அடங்காமல் இன்சுலின் ஏறிக்கொண்டே போயிற்று. தாயார் கொண்டுவந்த செல்போன் பதிவைக் கேட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். மூச்சுத்தடை நடுத்தரம் என்று முடிவு வந்தது. கருவியைப் பார்த்ததும் தாயார் மிரண்டுபோய், “மூக்குல குழா வச்சா புள்ளைக்கு ஆகுமா?” என்றார். “பிள்ளைக்கு மூச்சு இவ மூலமாத்தானே அம்மா போகுது, இவளுக்கு நின்னா அதுக்கும் குறையும் இல்லியா?” என்று கேட்டேன். அதன்பின் அந்த அம்மாளே இரவில் இரண்டு தடவை எழுந்து முகமூடி நழுவாமல் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இன்சுலின் நின்றுவிடவில்லை. ஏறிக்கொண்டிருந்தது ஏறாமல் நின்றது. காலைத் தலைவலி போயிற்று. வகுப்பில் நின்று பாடம் சொன்ன தெம்பு மீண்டும் வந்ததென்றாள். தாய்லாந்தில் கர்ப்பகாலச் சர்க்கரையுள்ள பெண்களுக்கு இரண்டு வாரம் இக்கருவியைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்விலும், குளுக்கோஸ் அளவு குறையவில்லை, இன்சுலின் சுரப்பில்தான் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே கருவி கிடைத்துவிட்டது, பத்தியத்தை விட்டுவிடலாம் என்று நினைப்பதற்கு இடமே இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் விதியே.

சிசேரியன் செய்ய நேர்ந்தால் மயக்க மருத்துவரிடம் மூச்சுத்தடை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மிக மிக அவசியம். முழு மயக்கத்தைவிட முதுகில் போடும் ஊசி இவர்களுக்குப் பத்திரம். வலிக்காகக் கொடுக்கும் அபினி வகை மருந்துகள் அன்றிரவு சுவாசத்தை அடக்கிவிடக்கூடும். அந்த ஆசிரியையின் கருவியையும் ஆபரேஷனுக்குப் பிந்திய வார்டுக்கே கொண்டுவரச் செய்தோம்.

பிரசவமானதும் பலருக்குக் குறட்டை தணிகிறது. சர்க்கரையும் பெரும்பாலோருக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் இவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு என்பதால், ஆறாம் வாரத்தில் வெறும் வயிற்றில் மறுபடியும் 75 கிராம் பரிசோதனை செய்தாக வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் வருகிற தாய், தனக்கென்று வரச் சொன்னால் வருவதில்லை. ஆகையால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளும்படி சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது என் வழக்கமாயிற்று. குழந்தையோடு கணவன் வீடு திரும்பிய பின்னும் மூச்சு நிற்பது தொடர்ந்தால் அழைத்துவர வேண்டும் என்பதையும் அதில் கணவன் பெயருக்கே எழுதினேன், அங்கே கேட்கப்போகிறவன் அவன்தானே. ஆசிரியை ஆறாம் வாரத்தில் வந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அவள் தாயார் மட்டும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல், “எனக்கும் பத்து வருஷமாச் சர்க்கரை இருக்கு டாக்டரம்மா. இதே மாதிரி மூச்சு நிக்குதுன்னு அவங்க அப்பா அப்பவே சொல்லுவாரு. நாந்தான் சண்டை போட்டுருக்கேன்” என்றார். சோதனைக்கு அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.